கறுப்புக் காரின் நெற்றி

மலாயாவில், பெக்கோக் ஸ்டேஷனிலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் செல்லப்பன் என்று ஒரு டிரைவர் இருந்தான். வயது நாற்பத்திரண்டு. பார்ப்பவர்கள் ஐம்பதுக்குக் குறைவாக மதிக்க மாட்டார்கள். ஆள் கெட்டுப்போனவன் அல்ல, குடிப்பவனும் அல்ல. களைத்துப் போனவன், அவ்வளவுதான்.

ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம் அது. 1932 என்று நினைவு. துரை ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். முன்பு செல்லப்பனுக்குக் கார் ஓட்டுவதும் துடைப்பதும்தான் வேலை. இப்போது விடிந்ததும் ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகு பிளக்க வேண்டும், பத்து மணிக்குத் தபாலுக்குப் போக வேண்டும், மத்தியானம் லாரியில் மூட்டை ஏற்ற வேண்டும். மூன்று பேர் செய்த வேலை ஒருவன் தோளில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தத் தோளும் வலது பக்கம் சில மாதமாகச் சரியாகத் தூக்க வரவில்லை. வலியை அவன் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பட்டியலில் பெயர் ஏறிவிடும் என்ற பயம்.

பட்டியல் என்பது மாதத்துக்கு ஒருமுறை தயாராவது. தோட்டத்துக்குத் தேவையில்லை என்று தீர்ந்தவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அவர்களைக் குடும்பத்தோடு கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் வீடும் உறவும் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வழி. செல்லப்பனுக்கு ஊரில் யாரும் இல்லை. பன்னிரண்டு வயதில் வந்தவன். அப்பனையும் ஆத்தாளையும் இந்தத் தோட்டத்து மண்ணில்தான் புதைத்திருந்தான். பெண்டாட்டி ராசம்மா இங்கேயே பிறந்தவள். மூன்று பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கினால், அப்புறம் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது.

அவன் பெயரை இதுவரை காப்பாற்றி வந்தது துரையின் கார் ஒன்றுதான்.

அந்தக் கார் புதிதல்ல. சிகாமட் பக்கத்தில் தோட்டத்தை மூடிவிட்டுச் சீமைக்குத் திரும்பிய வேறொரு துரையிடம் வாங்கியது. ஆனால் பூச்சு புதிது. சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் விட்டு, பழைய வார்னிஷை எல்லாம் சுரண்டி எடுத்து, காற்றுக் குழலால் கறுப்புச் சாயம் தெளித்து வாங்கியிருந்தார். பிரஷ் படாத பூச்சு என்பதால் அதில் ஒரு கோடு கிடையாது. காலையில் கார்க் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தால் ரப்பர் மரங்கள் அத்தனையும் தலைகீழாக அதற்குள் நிற்கும். துரையின் மனைவி துரைசாணி சீமையிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் இந்தப் பூச்சு. துரை அவளை அழைத்துவரச் சிங்கப்பூருக்கு ரயிலில் போனபோது செல்லப்பனிடம் தனக்குத் தெரிந்த தமிழில் இரண்டே வார்த்தை சொன்னார். செவ்வாய்க்கிழமை ஸ்டேஷனுக்குக் கார் வர வேண்டும். ஒரு கீறல் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை ஆயுத பூசை வந்தது. மருந்து தெளிக்கும் பம்பு, பால் வெட்டும் கத்தி, மண்வெட்டி, எஞ்சின் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து, எஞ்சின் கொட்டகை வாசலில் படையல் போடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். செல்லப்பனும் காரைக் கொண்டுபோய் நிறுத்தினான். முன் கண்ணாடியில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு வைத்தான். பூச்சு வெந்துவிடுமோ என்று கர்ப்பூரத்தட்டைக்கூடத் தள்ளியே காட்டச் சொன்னான். பூசை முடிந்ததும் மூட்டை ஏற்றக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். கார் அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரை வெயிலுக்கு எடுத்தவன் அப்படியே நிறுத்திவிட்டு இறங்கினான். எஞ்சினுக்கு மேலே இருக்கும் முன்பக்க மூடி முழுவதும் சிலந்தி வலை. தலைமுடியைவிட மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. நிழலில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் பட்டதும் ஒவ்வொரு கீறலும் வெள்ளி இழைபோல எழுந்து நின்றது.

செய்தது யார் என்று தெரிய நேரம் ஆகவில்லை. புல் வெட்டும் கேங்கில் வேலை செய்யும் பேச்சியம்மாள் தானாகவே வந்து சொன்னாள். ஐம்பது வயதுக்காரி, கைம்பெண், ஒரே மகளோடு, கூலி வீடுகள் இருந்த மேல் லயத்தில் இருப்பவள். பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, இரண்டு கை நிறைய விபூதி எடுத்துக் காரின் முன்பக்கம் முழுவதும் பூசிக் கும்பிட்டிருக்கிறாள். பிறகு, காலையில் தம்பிக்குத் துடைக்கிற வேலை மிச்சமாகட்டும் என்று, கொண்டைத் துணியை அவிழ்த்துத் தண்ணீர் படாமல் பளபளவென்று தேய்த்துத் துடைத்தும் வைத்திருக்கிறாள். அந்த விபூதியோ தோட்டத்துப் பண்டாரம் செய்தது. செம்மண் தரையில் காயவைத்த வறட்டியை எரித்து, கிழிந்த வேட்டியில் சலித்தது. சாம்பலோடு மண்ணும் இருந்தது. நெற்றிக்கு அது போதும். காருக்குத் தாங்கவில்லை.

செல்லப்பன் கோபக்காரன் அல்ல. ஆனால் களைத்தவனுக்குக் கோபம் வந்தால் அதைப் பிடித்து நிறுத்தப் பலம் இருப்பதில்லை.

"உங்கள யாருக்கா தொடச் சொன்னது? உங்க பேரும் ஏறும், என் பேரும் ஏறும். ரெண்டு பேரும் சேந்து கப்பல்ல போலாம், அங்க போயி விபூதி பூசுங்க" என்றான்.

பேச்சியம்மாள் காரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், போய்விட்டாள். அவள் ஏன் பூசினாள் என்று அவன் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்கத் தோன்றவும் இல்லை.

பெக்கோக் கடைத்தெருவின் கடைசியில் ஆ ஹுவாட் என்ற சீனன் சவப்பெட்டி செய்துகொண்டிருந்தான். பணக்காரச் சீனர்கள் பெட்டிக்கு அரக்குப் பூச்சுப் பூசி, முகம் தெரிகிற மாதிரி மெருகேற்றி வாங்குவார்கள். கறுப்பை மெருகேற்றத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் அவன் ஒருவன்தான். செல்லப்பன் காரை அவன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். துரையின் கார் சவப்பெட்டிக் கடை வாசலில் நிற்பதைப் பார்த்துத் தெருவே எட்டிப் பார்த்தது. யார் போய்விட்டார்கள் என்று எதிர்க் கடை முதலாளியான தௌகே மலாயில் கேட்டான். இன்னும் இல்லை, செவ்வாய்க்கிழமை போவேன் என்று செல்லப்பன் சொன்னான்.

ஆ ஹுவாட்டுக்கு அன்று பல்வலி. ஒரு கன்னம் வீங்கி, தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தான். பேசவே பிடிக்காதவன்போல வந்து, குனிந்து, கீறல்களின் குறுக்கே சுண்டுவிரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்தான். நகம் எங்கும் சிக்கவில்லை. நகம் சிக்கினால் பூச்சு செத்தது, சிக்காவிட்டால் பிழைக்கும், இது பிழைக்கும் என்றான். உள்ளே போய் ஒரு தகர டப்பாவும், மஞ்சள் மெழுகுக் கட்டி ஒன்றும் எடுத்து வந்தான். டப்பாவைத் திறந்து பார்த்த செல்லப்பனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே இருந்தது சாம்பல்.

ஆ ஹுவாட் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கெடுத்ததும் சாம்பல்தான், சரி செய்வதும் சாம்பல்தான், சலிக்கிற துணியில்தான் வித்தியாசம் என்று மலாயில் சொன்னான். இது மான் கொம்பைச் சுட்டு, அரைத்து, பட்டுத் துணியில் ஏழு தடவை சலித்தது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பிறகு முறையைச் சொன்னான். நிழலில் வைத்துத்தான் தேய்க்க வேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும். ஒரு துளி எண்ணெய், ஒரு சிட்டிகைச் சாம்பல். துணி கூடாது, உள்ளங்கைதான். வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நேராக. கீறல் மறைந்ததும் மெழுகைக் கர்ப்பூரத் தைலத்தில் கரைத்து மெல்லியதாகப் பூசி, அது மங்கினதும் பழைய பனியனால் துடைக்க வேண்டும். அது பூச்சுக்கு மேலே தோல் மாதிரி நின்று மழையையும் தூசியையும் தடுக்கும். கடைசியாக, மூடியின் நடுவில் ஓடும் மேட்டைக் காட்டினான். சமமான இடத்தில் சாயம் கனமாக இருக்கும், மேட்டில் மெல்லியதாக இருக்கும், அங்கே கை வைக்காதே என்றான். "பெலான்-பெலான்" என்று மூன்று தடவை சொன்னான். மெதுவாக, மெதுவாக.

அதற்கு அவன் கேட்டது ஒன்றுதான். சிகாமட்டுக்குக் கார் போகும்போது, பல் பிடுங்குகிறவனிடம் தன்னையும் கொண்டுபோய் விட வேண்டும். அடுத்த வாரம் நான் டிரைவராக இருப்பேனா என்பதே தெரியாது என்றான் செல்லப்பன். அப்படியானால் பல் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி ஆ ஹுவாட் டப்பாவை அவன் கையில் வைத்து அமுக்கினான்.

கர்ப்பூரத் தைலம் தோட்டத்து ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர்ச் சாவி, தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார் சரவணமுத்துவிடம் இருந்தது. யாழ்ப்பாணத்து மனிதர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. பட்டியலைத் தன் கையாலேயே எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட்டுவிட்டுத் திருநீறு பூசிய நெற்றியோடு வாசலுக்கு வந்தார். ஒரு போத்தல் கர்ப்பூரத் தைலம் வேண்டும் என்று செல்லப்பன் கேட்டான். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கார்க் கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார், உள்ளே போனார், போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மௌனம் செல்லப்பனுக்குத் திட்டு வாங்கியதைவிடப் பயமாக இருந்தது.

மத்தியானம் கொட்டகை நிழலில் வேலையைத் தொடங்கினான். தொடங்கியதும் நின்றது. விறகு பிளந்த கை அது. காய்ப்பும் வெடிப்புமாக இருந்த உள்ளங்கையைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான், தோல் எரிந்தது. இந்தக் கையால் தேய்த்தால் புதுக் கீறல்தான் விழும். கையைக் கீழே போட்டுவிட்டுச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது பேச்சியம்மாள் வந்தாள். குளித்து, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவி வந்திருந்தாள். அவள் கை அவன் கையைவிட மோசம். இருபது வருஷமாக லாலான் புல்லோடு சண்டை போட்ட கை. அவன் கையை அவள் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், என்ன தடை என்று புரிந்துகொண்டாள். திரும்பிப் போய், அரைச் செம்பு ரப்பர் பாலோடு வந்தாள். லயத்துப் பிள்ளைகள் கையைப் பாலில் முக்கிக் காயவைத்து, தோல் தோலாக உரித்து விளையாடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவள் இரண்டு உள்ளங்கையையும் பாலில் முக்கி, காற்றில் காட்டிக் காயவைத்தாள். காய்ப்பின் மேல் மெல்லிய தோல் படிந்தது. அதைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"பச்சப்புள்ள கை மாதிரி இருக்கு தம்பி. தொட்டுப் பாரு."

அவன் தொட்டுப் பார்த்தான். தன் கையையும் முக்கினான்.

மூடியின் இடது பாதி அவளுக்கு, வலது பாதி அவனுக்கு. ஒரு துளி எண்ணெய், ஒரு சிட்டிகைச் சாம்பல், நேராக, மெதுவாக. எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர்த் தோல் பிசுபிசுக்கும்போது உரித்துப் போட்டுவிட்டு மறுபடி முக்கிக்கொள்வார்கள். ஒரு சாண் இடம் தெளிய ஒரு மணி நேரம் ஆனது. காலையில் சொன்ன பேச்சு இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதை எடுத்து அப்பால் போட அவனுக்கு வாய் வரவில்லை, அவளும் அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள். மனிதர்கள் ஒருவரை ஒருவர் மன்னிப்பது பெரும்பாலும் இப்படித்தான், வாயால் அல்ல, பக்கத்தில் நின்று வேலை செய்வதால். அன்றே அது முழுதாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொடங்கியது.

பொழுது சாய்வதற்குள் இடது பாதி முழுவதும் தெளிந்துவிட்டது. வலது பாதியில் கொஞ்சம் மிச்சம்.

திங்கட்கிழமை பேச்சியம்மாளுக்குப் புல் வெட்டு. செல்லப்பன் விறகை முடித்து, தபாலை முடித்து, மூட்டையை முடித்து, மூன்று மணிக்குக் கொட்டகைக்கு வந்தான். மிச்சம் இருந்தது மேட்டின் ஓரத்தில் ஒரு சாண் இடம். கையை முக்கினான், தேய்க்கத் தொடங்கினான். மழை வருகிற புழுக்கம். தோள் வலித்தது. கை தானாகப் போய்த் தானாக வந்தது. கண் எப்போது மூடியது என்று அவனுக்குத் தெரியாது. நின்றபடியே தூங்கினான், தூங்கியபடியே தேய்த்தான்.

கண் திறந்தபோது உள்ளங்கையில் செங்கல் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. கை மேட்டின் மேல் இருந்தது. கறுப்புத் தேய்ந்துபோய், அடியில் இருந்த செங்காவிப் பூச்சு புளியங்கொட்டை அளவுக்கு வெளியே தெரிந்தது.

அவன் கத்தவில்லை. கத்துவதற்கும் பலம் வேண்டும். மிச்ச இடத்தைத் தேய்த்து முடித்தான். மெழுகைக் கரைத்துப் பூசி, மங்கியதும் துடைத்தான். சிலந்தி வலை போன இடமே தெரியவில்லை. கொட்டகைக் கூரையின் ஓட்டைகள்கூட அந்தக் கறுப்பில் எண்ணுகிற மாதிரி விழுந்தன. நடுவில் அந்த ஒரு புளியங்கொட்டை. பேச்சியம்மாள் செய்த பிழை முழுவதும் மறைந்துவிட்டது. காரில் இப்போது இருந்தது அவன் செய்த பிழை மட்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் புல் வெட்டப் போகிற வழியில் அவள் எட்டிப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மடியிலிருந்து, வாழை இலைத் துண்டில் மடித்த சந்தனத்தை எடுத்தாள். அந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிடு, பூசைப் பொட்டு என்று துரை நினைத்துக்கொள்வார், யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். ராசம்மாவும் அதையே சொன்னாள். மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக்கொள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னாள்.

செல்லப்பன் பொட்டு வைத்தான். கச்சிதமாக மூடியது.

துரையை வரவேற்கக் கிராணியாரும் ஸ்டேஷனுக்கு வருவது வழக்கம். வெள்ளைக் கோட்டுப் போட்டு, மடியில் ஒரு தோல் உறையை வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தார். உறையில் இந்த மாதத்துப் பட்டியல் இருக்கிறது என்று செல்லப்பனுக்குத் தெரியும்.

நான்கு மைல் வழி. செம்மண் பாதையைப் பார்த்து ஓட்ட வேண்டுமானால் மூடியின் மேட்டைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சந்தனப் பொட்டு அவன் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. சாமிக்கு வைக்கிற சந்தனம். நேற்று வரை அதைத் தொடும்போது கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டிருக்கிறான். இன்று அதைத் தன் பிழைக்கு மூடியாக்கி வைத்திருக்கிறான். இரண்டு மைல் ஓட்டினான். மூன்றாவது மைலில் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, இறங்கி, துணியை ஓடையில் நனைத்து, பொட்டைத் துடைத்து எடுத்தான். செங்காவி பளிச்சென்று தெரிந்தது.

கிராணியார் கண்ணாடியை இறக்கி, ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். செல்லப்பன் எல்லாவற்றையும் சொன்னான். விபூதி, சீனன், மான்கொம்பு, தூக்கம், பொட்டு. பேச்சியம்மாள் பெயரை மட்டும் துரையிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். கீறல் போய்விட்டது, இந்தக் காவி என் கையால் வந்தது, என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்றான்.

கிராணியார் செங்காவியை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அவ ஏன் பூசினவ எண்டு நீர் கேட்டனீரோ?"

"கேக்கலைங்கய்யா."

"ம். காரை எடும். ரயிலுக்கு நேரமாகுது."

ரயில் வந்தது. துரை முதலில் இறங்கினார், பின்னால் துரைசாணி தோளில் குழந்தையோடு இறங்கினாள். கப்பலும் ரயிலுமாகச் சேர்ந்து அவள் முகத்தில் இரத்தமே இல்லை. குழந்தை அழுது அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. துரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். கறுப்பில் தம் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேட்டுக்கு வந்ததும் நின்றார்.

"இது யாரு செஞ்சது?"

"நான்தான் தொர. தேச்சிட்டேன்."

"ஏன்?"

இந்த ஏனுக்குப் பதில் சொன்னால் பேச்சியம்மாளில் போய் முடியும். செல்லப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். துரையின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. உன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனேன் என்று கேட்டார்.

அப்போது கிராணியார் ஓரடி முன்னால் வந்து, தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். அவர் துரையிடம் அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேசி யாரும் கேட்டதில்லை. செல்லப்பனுக்கு அதில் ஒன்றிரண்டு சொல்தான் புரிந்தது. பேபி என்றது புரிந்தது. ஆஸ்பத்திரி என்றது புரிந்தது. விபூதி என்பதை மட்டும் அவர் தமிழிலேயே சொல்லித் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அவர் சொன்னது என்ன என்று செல்லப்பனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. போன மாதம் பேச்சியம்மாளின் மகளுக்குப் பிள்ளைப் பேறு சிக்கலாகி, துரை அனுமதி கொடுத்து, இதே காரில்தான் செல்லப்பன் அவளைச் சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். துரை வீட்டுக்கும் ஒரு பச்சைக் குழந்தை இந்தக் காரில்தான் வரப்போகிறது என்று பங்களா ஆயா சொல்லக் கேட்டவள், என் பேரனைக் காப்பாற்றிக் கொண்டுவந்த வண்டியே, இந்தப் பிள்ளையையும் நோகாமல் கொண்டுவா என்று வேண்டிக்கொண்டு, தன் பேரனுக்குப் பூசுகிறமாதிரி அதன் நெற்றி முழுவதும் பூசிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை செல்லப்பன் கர்ப்பூரத் தைலம் வாங்கிக்கொண்டு போன பிறகு, கிராணியார் மேல் லயத்துக்குத் தாமே நடந்து போய் அவளைக் கேட்டிருக்கிறார். கேட்கத் தோன்றிய ஒரே ஆள் அவர்தான்.

ஸ்டேஷனில் அதைக் கேட்ட துரை குனிந்து மேட்டை மறுபடி பார்த்தார். அவர் கோபம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது, அது நின்ற இடத்தில் நின்றது. துரைசாணிதான் கிட்ட வந்தாள். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, அந்தச் செங்காவி இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கிராணியாரிடம் ஏதோ கேட்டாள், அவர் பதில் சொன்னார். துரையிடம் இரண்டு வார்த்தை சொன்னாள். துரை தோளைக் குலுக்கிவிட்டுக் காரில் ஏறினார்.

கிராணியார் செல்லப்பன் பக்கம் திரும்பினார்.

"சந்தனம் மிச்சம் இருக்கோ?"

சந்தன இலை சீட்டுக்கடியில் இருந்தது.

"சிங்கப்பூரிலையிருந்து சாயம் வந்து சேருமட்டும் அந்த இடத்திலை பொட்டு வைக்கட்டாம். துரைசாணி சொல்லுறா."

செல்லப்பன் ஸ்டேஷன் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து பொட்டு வைத்தான். அதே சந்தனம், அதே இடம். ஆனால் திரும்பி ஓட்டும்போது அது கண்ணை உறுத்தவில்லை.

பங்களாவில் எல்லோரையும் இறக்கிவிட்டு, காரைக் கொட்டகையில் விடும்போது கிராணியார் வந்தார். தோல் உறை அவர் கையில் இல்லை, துரையிடம் போய்விட்டது. வியாழக்கிழமை எட்டு மணிக்குக் குழந்தையை டாக்டரிடம் காட்டச் சிகாமட்டுக்குப் போக வேண்டும், துரைசாணி தயாராக இருப்பாள் என்றார். அந்தச் சீனனை முன் சீட்டில் ஏற்றிக்கொள்ளலாமா என்று செல்லப்பன் கேட்டான். அவன் சவப்பெட்டியைக் கொண்டுவராவிட்டால் சரி என்றார் கிராணியார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். செல்லப்பன் வேறொன்றும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்.

"ரெண்டு பேரும் அதிலை இல்லை. போய்ப் படும்."

அந்த மாதம் பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. பொட்டு வைத்த ஒரு காரால் கப்பலை நிறுத்திவிட முடியாது. அடுத்த வாரம் அந்தப் பதினொரு குடும்பத்தையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டவனும் செல்லப்பன்தான். லாரியின் பின்பலகையை மூடும்போது ஒருவர் முகத்தையும் அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குழந்தை வைத்திருந்தவர்களை மட்டும் முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். அவனால் முடிந்தது அவ்வளவு.

ஆனால் அது பின்னால். அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் நேரே போய்ப் படுக்கவில்லை. புல் வெட்டுக்காரர்கள் பன்னிரண்டாம் நம்பர்க் காட்டில் இருந்தார்கள். வெயிலில் அங்கே நடந்தான். அவனைக் கண்டதும் பேச்சியம்மாள் நிமிர்ந்தாள், முகம் வெளுத்தது. ஒன்றும் ஆகவில்லை என்று கையைக் காட்டினான். பிறகு, மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னான்.

"ஏன் பூசுனீங்கன்னு நான் கேக்கவே இல்லக்கா. திட்டிப்புட்டேன்."

பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீ என்ன தம்பி செய்வ. விபூதியில மண்ணு கெடந்துச்சு. அடுத்த வருசம் நானே சலிக்கிறேன்."

அவன் திரும்பி வந்து கார்க் கொட்டகையில் ஒரு சாக்கை விரித்தான். தோள் இன்னும் வலித்தது. கறுப்புக் கதவில், சாக்கின் மேல் கிடந்த தன் உருவம் ஒரு கீறலும் இல்லாமல் தெரிந்தது. எவ்வளவு களைத்த ஆள் என்று யாரையோ நினைப்பதுபோல நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.